கண்ணும் நிலையும்: சியாங் மாய் மாயத்தோற்ற ஓவியக்கூடம் குறித்துச் சில சிந்தனைகள்

கலையை உண்மையோடு ஒப்புநோக்கி மதிப்பிடுதல் முற்போக்குத் திறனாய்வின் அடிப்படைகளுள் ஒன்றாக இருந்து வந்துள்ளது. யதார்த்தம் என்னும் சொல்லைப் பாராட்டாகவும் மாயை என்னும் சொல்லைக் கண்டனமாகவும் வழங்கி நாம் பழகிவிட்டோம். ஆயின், மாயையைத் தோற்றுவிப்பதே தன் தொழிலென வெளிப்படையாக அறிவித்து, அதற்குக் கட்டணமும் பெற்று, வந்தோரை மகிழ்வித்தும் அனுப்புகின்ற ஒரு கலை வடிவத்தை எதிர்கொள்ளும்போது இச்சொற்கள் எமக்கு எந்தளவுக்குத் துணைபுரிகின்றன? வடதாய்லாந்திலுள்ள சியாங் மாய் நகருக்குச் சென்றிருந்த வேளையில் எழுந்த இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியாகவே இக்கட்டுரை அமைகின்றது.

1

சியாங் மாய் 1296ஆம் ஆண்டிலே மங்ராய் மன்னனால் நிறுவப்பட்டு, லன்னா இராச்சியத்தின் தலைநகராக விளங்கிய தொன்மையான நகர். இன்று அது உல்லாசப் பயணிகள் பெருந்தொகையினராக வந்து செல்லும் இடமாகவும் உள்ளது. இரவுச் சந்தை கூடும் சாங் கிளான் வீதியிலே, 2013இல் திறக்கப்பட்ட ‘ஆர்ட் இன் பரடைஸ்’ என்னும் ஓவியக்கூடம் அமைந்துள்ளது. தென்கொரிய ஓவியர் குழுவொன்று இதன் சுவர்களிலும் தரையிலும் நேரடியாகவே ஓவியங்களைத் தீட்டியது. சோல் நகரின் ஹொங்கிக் பல்கலைக்கழகச் சுற்றாடலில் 2010இல் இத்தகைய நூதனசாலையொன்று திறக்கப்பட்டதைத் தொடர்ந்து, கிழக்காசிய, தென்கிழக்காசிய நகரங்கள் பலவற்றில் இவ்வகைக் கூடங்கள் தோன்றின.

வழமையான நூதனசாலையிலே பார்வையாளனுக்கும் ஓவியத்துக்கும் இடையில் ஒரு தடுப்புக் கயிறு இருக்கும். ‘தொடாதீர்’ என்ற அறிவித்தலும் இருக்கும். இங்கு இவையிரண்டும் இல்லை. வருபவர் ஓவியத்தினுள் நுழைய வேண்டும். சட்டத்தைக் கடந்து நீளும் யானையின் துதிக்கையைப் பற்ற வேண்டும். பாதாளத்தின் மேல் தொங்கும் பாலத்தில் நடுங்க வேண்டும். மனிதர் வந்து நிற்கும்வரை ஓவியம் முற்றுப்பெறுவதில்லை. எவ்விடத்திலிருந்து புகைப்படம் எடுத்தல் வேண்டும் என்பது தரையிலே குறிக்கப்பட்டிருக்கும்.

தொங்குபாலம் ஒன்றைத் தீட்டியிருந்த இடத்திற்கு வந்தபோது, எனக்கு அது ஏமாற்றத்தையே அளித்தது. தரையிலே வண்ணங்கள் அளவுக்கு மீறி நீண்டு கிடந்தன. பள்ளமும் இல்லை, பயமும் இல்லை. அவ்வேளை ஒரு தாய் தன் கையடக்கத் தொலைபேசியை என்னிடம் நீட்டி, குடும்பத்தினர் அனைவரையும் சேர்த்துப் படமெடுக்குமாறு சைகையால் வேண்டினார். அவருடைய சிறுமகள் ஏற்கனவே தரையில் அமர்ந்து, வரைந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு, முகத்தில் அச்சத்தை வருவித்துக்கொண்டிருந்தாள். குறிக்கப்பட்ட இடத்தில் நின்று தொலைபேசியின் திரையை நோக்கினேன். தரை கீழிறங்கிப் போயிருந்தது. கண்ணை உயர்த்தி நேரே பார்த்தேன், சமதரை. மீண்டும் திரையை நோக்கினேன், பாதாளம்.

இதன் காரணம் எளியது. மனிதரின் இரு கண்களும் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. அவை பெறும் காட்சிகளுக்கிடையிலான சிறு வேறுபாட்டைக் கொண்டே மூளை ஆழத்தை உணர்கின்றது. எனவே அருகிலுள்ள தட்டையான பரப்பு தட்டையானதென்பதை இரு கண்களும் உடனே கண்டுகொள்கின்றன. தலையைச் சற்று அசைத்தாலும் உண்மை வெளிப்பட்டுவிடும். கமராவுக்கோ ஒரு கண். அதுவும் அசையாத கண். இவ்வோவியங்கள் மனிதக் கண்ணுக்காக அன்றி, அந்த ஒற்றைக் கண்ணுக்காகவே தீட்டப்பட்டவை.

2

இவ்வொற்றைக் கண்ணின் வரலாறு நீண்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புளோரன்ஸ் நகரிலே கட்டடக்கலைஞர் புறுனெலெஸ்கி ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையில் வரைந்து, அப்பலகையிலே சிறு துளையிட்டு, அதன் பின்புறமிருந்து ஒரு கண்ணால் நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிரதிபிம்பத்தைக் காணுமாறு செய்தார். அண்மையிலுள்ளவை பெரிதாகவும் சேய்மையிலுள்ளவை சிறிதாகவும் ஒரு புள்ளியை நோக்கிக் குவியுமாறு வரையும் தூரநோக்கு முறையின் தொடக்கங்களுள் ஒன்றாக இது கருதப்படுகின்றது. 1435இல் அல்பேர்ட்டி அம்முறையை எழுத்தில் வகுத்தார். உலகம் முழுவதும் ஒரு தனிமனிதனின் கண்ணை நோக்கி ஒழுங்குபடுத்தப்பட்ட இம்முறையையும், அது தோன்றிய வணிக நகரங்களின் சமூக உறவுகளையும் இணைத்து நோக்குதல் அவசியமாகும். ஜோன் பேர்ஜர் 1972இல் இத்திசையிலே எமது கவனத்தைத் திருப்பினார்.

றோம் நகரிலுள்ள புனித இக்னேசியசின் ஆலயம் இங்கு நினைவுகூரத்தக்கது. அங்கு கட்டப்படாது விடப்பட்ட குவிமாடத்துக்குப் பதிலாக, அந்திரேயா பொட்சோ 1685இலே துணியொன்றிற் குவிமாடத்தைத் தீட்டினார். பின்னர், 1694இல் முற்றுப்பெற்ற விதான ஓவியத்திலே, யேசு சபையினரின் சமயப் பணி நான்கு கண்டங்களுக்கும் பரவுவதைச் சித்திரித்தார். இவ்வோவியங்களைப் பார்ப்பதற்குரிய நிலை தரையிலே வட்டக் கல்லாற் குறிக்கப்பட்டுள்ளது. அவ்விடத்தில் நிற்பவனுக்கு வானம் திறக்கின்றது. ஆசியாவும் ஆபிரிக்காவும் தமக்குரியதென விதிக்கப்பட்ட இடத்தில் அமைந்து, மேலிருந்து வரும் ஒளியைப் பெறுகின்றன. அக்கல்லை விட்டு நகர்ந்தால் தூண்கள் சாய்கின்றன; குவிமாடம் சரிகின்றது. சியாங் மாயில் தரையிலிடப்பட்ட குறியீடு இவ்வட்டக் கல்லின் வழித்தோன்றலே. ஆலயம் விசுவாசியை நிறுத்திய இடத்திலே இன்று சந்தை வாடிக்கையாளரை நிறுத்துகின்றது.

எனினும் இவ்விரண்டிற்குமிடையே முக்கியமானதொரு வேறுபாடு உண்டு. றோமிலே நிற்பவர் மாயையைத் தாமே காண்கின்றார். சியாங் மாயிலே பாலத்தின் மீது அமர்ந்த சிறுமி பாதாளத்தைக் காணவேயில்லை. அவள் கண்டது வண்ணம் பூசிய தரையை மட்டுமே. அவளது அச்சம் பிறர் காண்பதற்காக, பிறிதொரு வேளைக்காக, அவள் ஆற்றிய நடிப்பு. வேறு விதமாகக் கூறுவதானால், வருபவர் கட்டணம் செலுத்தி உள்ளே வந்து, உடலை வளைத்தும் முகத்தை மாற்றியும் உழைத்து, ஓவியத்தை முற்றுப்பெறச் செய்கின்றார். அவ்வுழைப்பினால் உருவான படங்களோ நண்பர்களிடையே பரவி, அடுத்து வரவேண்டியவர்களை அழைக்கின்றன. நுகர்வோனே உற்பத்தியாளனாகவும் விளம்பரகாரனாகவும் ஆகின்ற பண்ட உறவு இது. கலைப்படைப்பு இயந்திரப் பிரதிக்கு ஆட்படுவது பற்றி வோல்ரர் பென்ஜமின் 1930களில் எழுதியபோது சுட்டிய போக்கு, இங்கு தன் எல்லையையே எட்டிவிட்டது. மூலம் பிரதிக்காகவே பிறக்கின்றது. பிரதியிலேதான் நிறைவும் பெறுகின்றது.

3

இவ்வளவோடு நிறுத்தி, ‘பொய்ப் பிரக்ஞை’ என்ற முத்திரையைக் குத்திவிட்டு வெளியேறுவது எளிது. உண்மையில், உள்ளே நுழையும்போது அம்முத்திரையை நான் ஆயத்தமாகவே வைத்திருந்தேன். ஆயின் அங்கு கண்டவை அதற்கு இடந்தரவில்லை. பழைய கிரேக்கக் கதையொன்று உண்டு. சியூக்சிஸ் வரைந்த திராட்சைகளைக் கொத்தப் பறவைகள் வந்தன. பர்ராசியஸ் வரைந்த திரைச்சீலையையோ சியூக்சிசே விலக்கச் சொன்னான். அக்கதையில் ஓவியனின் வெற்றி ஏமாற்றுவதிலே தங்கியுள்ளது. சியாங் மாயிலே எவரும் பறவையாக இருக்கவில்லை. வரைந்த திமிங்கிலத்தின் வாயினுள் அமர்ந்து கைகளை உதறிய மூதாட்டி, தாம் செய்வது இன்னதென்பதை முற்றாக அறிந்திருந்தார். படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் திரையைச் சூழ்ந்து கூடி, சுவரையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தனர். அவர்களின் மகிழ்ச்சி ஏமாந்ததனால் அன்று. ஏமாற்று எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதைத் தாமே செய்து அறிந்ததனால் விளைந்தது. மேடை மேடையே என்பதைப் பார்வையாளர் மறத்தலாகாது என வற்புறுத்திய பிறெக்ற் இக்காட்சியைக் கண்டிருப்பின் வெறுத்திருப்பார் என்று தோன்றவில்லை.

மேலும், இம்மகிழ்ச்சி தனித்து நிற்பவருக்குக் கிட்டுவதன்று. ஒருவர் ஓவியத்தினுள் நிற்க, மற்றொருவர் குறிக்கப்பட்ட இடத்தில் நின்று, ‘கையை உயர்த்து, இன்னும் சற்று இடப்புறம்’ என்று வழிகாட்ட வேண்டும். மொழியறியாத அயலவர்கூட ஒருவருக்கொருவர் துணையாகின்றனர். பொதுமக்களின் களிப்பை ஆராயாமலே இகழும் திறனாய்வு, தன்னைப் பொதுமக்கள் சார்பானது என்று கூறிக்கொள்வதற்கு உரிமையற்றது.

ஆயினும், அறிவு மாத்திரம் மாயையை அகற்றிவிடும் என்று முடிவுகட்டுவதும் தவறாகும். அமெரிக்க ஆய்வாளர் அடெல்பேர்ட் ஏம்ஸ் அமைத்த அறையை இன்று இத்தகைய நூதனசாலைகள் பலவற்றிற் காணலாம். அவ்வறையின் பின்சுவர் சரிவாக அமைந்திருக்கும். ஒரு மூலை அண்மையிலும் மற்றது சேய்மையிலும் இருக்கும். துளையொன்றினூடாக ஒரு கண்ணால் நோக்குபவருக்கோ அது சாதாரணச் சதுர அறையாகத் தோன்றும். இரு மூலைகளிலும் நிற்கும் ஒத்த உயரமுடையோருள் ஒருவர் இராட்சதராகவும் மற்றவர் குள்ளராகவும் தெரிவர். அறையின் அமைப்பை வரைந்து விளக்கிய பின்னரும் அத்தோற்றம் மறைவதில்லை. மாயை என அறிந்துகொண்டே மாயையைக் காண்கின்றோம். அதனைக் கலைப்பதற்கு ஒரே வழி துளையை விட்டு விலகி, மறுபுறம் நடந்து சென்று பார்ப்பதேயாகும்.

மார்க்சும் ஏங்கெல்சும் 1845–46இல் எழுதிய ‘ஜேர்மன் கருத்துநிலை’யிலே, கருத்துநிலையில் மனிதரும் அவர்தம் உறவுகளும் இருட்டறைக் கமராவிற் போலத் தலைகீழாகத் தோன்றுவதைக் குறிப்பிட்டனர், அத்தலைகீழ்த் தோற்றத்தின் காரணத்தை மனிதரின் வாழ்நிலையிலே தேடினர். அவ்வுவமையை நாம் பலமுறை எடுத்தாண்டுள்ளோம். ஆயின் தோற்றம் பிழையென எடுத்துரைப்பதிலேயே எமது முயற்சி பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. நோக்குபவரின் நிலை மாறாதவிடத்து விளக்கம் அவருக்கு அதிகம் பயன்படாது என்பதை ஏம்ஸின் அறை உடலால் உணரச் செய்கின்றது.

4

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, சியாங் மாய் ஓவியக்கூடத்தின் உண்மையான குறைபாடு அது மாயையைத் தருவது அன்று. அது ஒப்புக்கொள்ளும் மாயை கண்ணளவில் நின்றுவிடுவதே. எகிப்தியச் சிலைகளும், வேர்கள் பற்றிய கோயில் இடிபாடுகளும், ஆழ்கடலும், காட்டு விலங்குகளும் ஒரே கூரையின் கீழ் ஒரே வகைப் பின்னணிகளாக அடுத்தடுத்து வருகின்றன. சரியும் தூணொன்றைத் தாங்கிப் பிடிப்பதாக உல்லாசப் பயணி நடிக்கலாம். அத்தூண்களை உண்மையாகவே சுமந்து நிறுத்தியோருக்கு அங்கு இடமில்லை. தூரநோக்கு முறை இத்தகைய பணிக்கே உரியதென்பதும் இல்லை. ஹோல்பைன் 1533இல் வரைந்த ‘தூதுவர்கள்’ என்னும் ஓவியத்திலே, செல்வமும் கல்வியும் சூழ நிற்கும் இருவரின் காலடியில் உருத்தெரியாத நீண்ட வடிவமொன்று கிடக்கின்றது. பக்கவாட்டில் நகர்ந்து நோக்கினால் அது மண்டையோடாகின்றது. அதிகாரத்தின் மிடுக்கு வேறொரு நிலையிலிருந்து வேறாகத் தெரிகின்றது. அதே நுட்பமே அங்கு வினாவை எழுப்பவும் பயன்பட்டது.

மறுநாட் காலை அதே நகரின் வாட் பிறா சிங் விகாரைக்குச் சென்றேன். அங்குள்ள புத்தர் படிமம் இலங்கையிலிருந்து வந்தது என்பது மரபுவழிச் செய்தி. அதனைக் கொண்டுள்ள லாய் காம் மண்டபத்தின் சுவர்களிலே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்கள் உள்ளன. ‘சங் தொங்’ முதலிய கதைகளைக் கூறும் அவற்றின் இடையிடையே ஊர் மக்களின் உடையும் வீடும் அன்றாடச் செயல்களும் விரவிக் கிடக்கின்றன. ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் கோடுகள் அங்கு இல்லை. தரையிலே குறியீடும் இல்லை. எமது தெகல்தொருவையின் கண்டிக்கால ஓவியங்களைப் போலவே, சுவரோரமாக நடந்து நடந்தே கதையை அறிய வேண்டும். பழைமையைப் போற்றுவது எனது நோக்கமன்று. அச்சுவர்களும் சமயத்துக்கும் அரசுக்கும் பணிபுரிந்தவையே. எனினும், பார்ப்பவரை ஒரு நிலையிற் கட்டிவைக்காத கலை முறையொன்று அங்கு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

விகாரைச் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தபோதே ஓர் எண்ணம் உறுத்தியது. முதல்நாள் ஓவியக்கூடத்திலே இரண்டு மணிநேரத்தைக் கழித்திருந்தேன். உழைப்பு, பண்டம், நுகர்வு என்றெல்லாம் மனதிற் குறிப்பெடுத்தேன். ஆனால் அத்தரைகளிலே மண்டியிட்டு, கண்ணுக்குக் கோணலாகவும் கமராவுக்கு நேராகவும் தோன்றுமாறு ஒவ்வொரு கோட்டையும் கணித்து இழுத்த ஓவியர்கள் யார், அவர்களின் பெயர்கள் யாவை என்று எவரிடமும் நான் கேட்கவில்லை. அந்தச் சிறுமியின் படத்தை எடுத்தபோது நின்ற இடத்தைப் போலவே, திறனாய்வாளனாகவும் எனக்கென முன்னரே குறிக்கப்பட்ட ஓரிடத்தில் நின்றே அனைத்தையும் பார்த்திருக்கின்றேன். மாயையைப் பிறரிடத்தில் மட்டும் காணும் திறனாய்வு தானும் ஒற்றைக் கண்ணால் நோக்குவதே. அதிலிருந்து விடுபடுவதற்குக் கூர்மையான பார்வை மாத்திரம் போதாது. நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்து, சுவரின் அண்மைக்குச் சென்று, அதைத் தீட்டியவரிடம் பேசவும் வேண்டும்.