கண்ணீரை யார் துடைப்பது? – வாலஸின் செனகா நூலை முன்வைத்து

என் பெரியம்மா மகன், பெற்ற பையனைப் பறிகொடுத்த பிறகு குடிக்க ஆரம்பித்தவர். இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். திரும்பி வந்ததும் பழையபடிதான். அந்தச் சமயத்தில் குடிநோய் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். மனசில் தங்கியது ஒரு மானுடவியல் நூல்: ஆந்தனி வாலஸ் எழுதிய 'தி டெத் அண்ட் ரீபர்த் ஆஃப் தி செனகா'.

செனகா மக்கள் அமெரிக்கப் பூர்வகுடிகள், இரோகுவா கூட்டமைப்பில் ஓர் இனம். நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி அவர்களுடைய மண். 1779-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை சுமார் 40 இரோகுவா ஊர்களை எரித்தது. 1797 ஒப்பந்தத்தில் மிச்ச நிலமும் பெரும்பாலும் கைமாறிவிட்டது. இந்த நிலையில்தான் விஸ்கி அவர்களைப் பிடித்தது.

1799 ஜூன். குடியால் படுத்த படுக்கையாகிவிட்ட ஹாண்ட்சம் லேக் என்பவர் மூர்ச்சையாகி விழுகிறார், செத்துவிட்டார் என்றே வீட்டார் நினைக்கிறார்கள். எழுந்தவர், மேலுலகத் தூதர்கள் வந்து குடியை விடச் சொன்னதாகச் சொல்கிறார். அவர் விட்டார், ஊரிலும் குடி வெகுவாகக் குறைந்தது. அங்கே தங்கியிருந்த க்வேக்கர் கிறிஸ்தவர்கள் இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'கைவியோ', அதாவது நல்ல செய்தி, என்ற அவருடைய போதனை இன்றும் ஓதப்படுகிறது.

வாலஸின் விளக்கம் இது: தாங்க முடியாத நெருக்கடியில் ஒரு மனம் உடைந்து, தன்னைத்தானே புதிதாக அடுக்கிக்கொள்கிறது. அது பிறகு சமூகத்துக்கும் பரவுகிறது. 1956-லேயே இதை ஒரு பொதுக் கோட்பாடாக எழுதிவிட்டார். எனக்கு இடிப்பது இங்கேதான். எல்லாமே ஒரு மனுஷனின் தலைக்குள் நடந்ததாகிவிடுகிறது.

ஆனால் இதே நூலின் முற்பகுதியில் அவரே விரிவாகச் சொல்லும் துக்கம் ஆற்றும் சடங்கைப் பாருங்கள். ஒரு தலைவர் இறந்தால் மக்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். இழந்த பக்கத்துக்குப் புத்தி தெளிவாக இல்லை என்று கொள்வார்கள். தெளிந்த மனசோடு இருக்கும் மற்ற பக்கம் காட்டு விளிம்புக்கு வந்து நிற்கும். பிறகு சிப்பி மணிச் சரங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கண்ணீரைத் துடைக்கிறோம், காதடைப்பை நீக்குகிறோம், தொண்டையைத் திறக்கிறோம் என்று வரிசையாகச் சொல்லும். துக்கப்படுகிறவன் தனக்குத்தானே இதைச் செய்துகொள்ள முடியாது, இன்னொரு பக்கம்தான் வரணும். நம்ம ஊர்ச் சாவு வீட்டில் பங்காளிகள் ஒரு பக்கம் நிற்க, மாமன் மச்சான் முறைக்காரர்கள் வந்து சீர் செய்வதை நினைத்துக்கொண்டேன்.

போரும் நோயும் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் துக்கத்தில் தள்ளினால்? யார் வந்து துடைப்பது? அந்தக் காலி இடத்தில்தான் விஸ்கி வந்து உட்கார்ந்தது என்பது என் வாசிப்பு. தரிசனம் கண்டவர்கள் இரோகுவாக்களில் ஏராளம். இந்த ஒரு தரிசனம் நிலைத்ததற்குக் காரணம், அதைக் கேட்க ஊர்ச்சபை கூடியது, பலர் முன் தவறை ஒப்புக்கொள்ள ஓர் இடம் இருந்தது, பருவத் திருவிழாக்கள் தொடர்ந்து நடந்தன என்பதுதான். வாலஸ் விளைவாகப் பார்ப்பதை நான் காரணமாகப் பார்க்கிறேன்.

அதற்காக இதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். அந்தத் தரிசனத்துக்குச் சில நாள் முன்புதான், ஹாண்ட்சம் லேக்கின் சகோதரர் கார்ன்பிளான்டருடைய மகளின் சாவுக்குக் காரணம் என்று ஒரு பெண்ணைச் சூனியக்காரி எனக் கொன்றிருந்தார்கள். ஆற்றப்படாத துக்கம் கொலைக்கும் போகும். ஹாண்ட்சம் லேக்கும் சூனியக் குற்றச்சாட்டை விடவில்லை. ஒரு வருஷம் துக்கம் காப்பதும் தப்பு, பத்து நாள் போதும் என்றார். குடியை நிறுத்தியவர் அழுகையையும் சுருக்கினார். இது சரிதானா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

குறைகளோடும் இது படிக்க வேண்டிய நூல். குடியையும் இழவையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணனிடம் "குடியை விடு" என்றோம், நானும்தான். பையனைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டேன். மூன்று மணி நேரம் பேசினார். அன்றைக்கு ராத்திரியும் குடித்தார் என்று அண்ணி சொன்னார். அடுத்த ஞாயிறும் போகணும்.