கேரியின் நாட்குறிப்பில் 1794ஆம் ஆண்டு: ஒரு குடும்பத்தின் கதையும் அதன் எழுத்துரிமையும்

வில்லியம் கேரி வங்காளத்தில் கழித்த முதல் ஆண்டின் நாட்குறிப்பு, சமயப்பணி வரலாற்றுக்குரிய சான்றாகவே பெரிதும் பயன்பட்டு வந்துள்ளது. அதனை ஒரு குடும்பத்தின் பதிவாக வாசிக்கும்போது எழும் வினாக்கள் வேறு. இங்கிலாந்திலுள்ள சங்கத்தார் படிப்பர் என்ற உணர்வு அதன் நடையெங்கும் தென்படுகிறது. ஆகவே அது தனிமனிதர் தமக்குள் பேசிய பேச்சன்று. தரங்கம்பாடியிலிருந்து ஹாலேவுக்குச் சென்ற அறிக்கைகளை அறிந்த தமிழாய்வாளர்க்கு இவ்வியல்பு புதிதாகத் தோன்றாது.

1793 நவம்பரில் கல்கத்தாவை அடைந்த குழுவில் கேரியுடன் மனைவி டொரத்தி, நான்கு ஆண்மக்கள், டொரத்தியின் தங்கை கேத்தரின் ஆகியோர் இருந்தனர். டொரத்தி முதலில் வர மறுத்தவர். கைக்குழந்தையுடன் இறுதி நேரத்தில் இசைந்தவர். சில மாதங்களிலேயே கைப்பணம் தீர்ந்தது. நோயும் வறுமையும் சூழ, சுந்தரவனப் பகுதியிலுள்ள தேப்ஹட்டாவிற்குக் குடும்பம் பெயர்ந்தது. அங்கு அடைக்கலம் தந்த கம்பெனி அலுவலர் சார்லஸ் ஷார்ட்டையே கேத்தரின் பின்னர் மணந்தார். மனைவியும் அவர் தங்கையும் உணவுக்குறை பற்றி முறையிட்டமையைக் கேரி குறிக்கிறார். ஆனால் பணியின் மேன்மையை அவர்கள் உணராமையின் அடையாளமாகவே அதனைக் காட்டுகிறார். பசித்த பிள்ளைகளின் தாய் முறையிடுதல் இயல்பன்றோ என்னும் எண்ணம் அவ்வரிகளில் இடம்பெறவில்லை.

1794 சூன் மாதம் மால்டாப் பகுதியிலுள்ள மத்னாபதியில் அவுரித் தொழிற்சாலை மேற்பார்வைப் பணி கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். நாட்குறிப்பின் வலிமையான பகுதி இதுவே எனலாம். குழி தோண்டவும் உடலைச் சுமக்கவும் ஆள் கிடைக்காமை, சாதித்தடை, குழி தோண்டிய இசுலாமியரை ஊரார் விலக்கி வைத்தமை, ஊர்த் தலைவரைத் தம் அதிகாரத்தால் அழைப்பித்து அவர்களுடன் உண்ணச் செய்தமை ஆகியன விரிவாகச் சொல்லப்படுகின்றன. துக்கத்தில் இருக்கும் தந்தையும் ஆள்களைக் கட்டளையிட்டு அனுப்பவல்ல தொழிற்சாலை மேலாளரும் ஒருவரே என்பது இங்கு வெளிப்படுகிறது. இம்முரணைக் கேரி உணர்ந்தெழுதினார் என்று கொள்ள இடமில்லை. எனினும் மறைக்காமல் எழுதியமை இதன் சான்று மதிப்பை உயர்த்துகிறது.

தாயின் துயருக்கோ அத்தகைய விரிவு கிட்டவில்லை. 1795இன் தொடக்கத்தில் டொரத்தியின் மனநிலை பிறழ்ந்தது. 1807 டிசம்பரில் செராம்பூரில் இறக்கும்வரை அவர் நலம் பெறவில்லை. அந்நோயாண்டுகளிலேதான் 1801இல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சேறியது. வாழ்க்கை வரலாற்றாசிரியர் பலர் அவரைக் கணவரின் பணிக்குத் தடையாகவே தீட்டினர். 1992இல் ஜேம்ஸ் பெக் எழுதிய தனிநூல் அப்பார்வையை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது.

1781இல் திருமணப் பதிவேட்டில் பெயரெழுதாது குறியிட்டவர் டொரத்தி. கணவர் எழுதிய ஆண்டினை மனைவி எவ்வாறு கண்டார் என்பதை உரைக்கும் நாட்குறிப்பு நம்மிடம் இல்லை. ஆதலின் கேரியின் வரிகளில் அவர் குறுக்கிடும் இடங்களை, குறிப்பாக உணவு, நோய், இடப்பெயர்வு பற்றிய முறையீடுகளை, அவருடைய கூற்றாகவே பிரித்தெடுத்து வாசிக்க வேண்டியுள்ளது.