கஷாயத்துக்கும் சோதனை வேண்டும்

1930-இல் மலேசியாவின் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டபோது மருத்துவர்கள் நம்பியிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். நம் நாட்டு வைத்தியம் நெடுங்காலமாக அறிந்த எண்ணெய்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டாப்சோன் மாத்திரை வந்ததும் அது விலகிக்கொண்டது. அந்த டாப்சோனுக்கும் கிருமி அடங்காமல் போவதுண்டு என்பதை 1964-இல் இதே சுங்கை பூலோ நோயாளிகளை ஆராய்ந்துதான் உறுதி செய்தார்கள். மரபு மருந்தோ புது மருந்தோ, சோதித்துப் பார்த்தே ஏற்ற ஊர் இது.

2020-இல் நாட்டின் முதன்மை கோவிட் மருத்துவமனையானதும் சுங்கை பூலோதான். ஆனால் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நம் வீடுகளுக்கு வாட்ஸ்அப் வழியே வந்த ஆலோசனைகளை நாம் அப்படிச் சோதித்துப் பார்த்து ஏற்கவில்லை. கபசுரக் குடிநீர், நிலவேம்பு, மஞ்சள் பால், வைட்டமின் சி, துத்தநாக மாத்திரை என்று எல்லாமே ‘எதிர்ப்பு சக்தி’ என்ற ஒரே பெயரில் வந்தன.

இந்தக் கைவைத்தியப் பழக்கத்தின் நல்ல பக்கத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காய்ச்சலில் நாக்கு செத்துக் கிடப்பவருக்குச் சூடான மிளகு ரசமும் குழைந்த சோறும், உடம்புக்கு வேண்டிய நீரையும் உப்பையும் தெம்பையும் தருகின்றன. உடம்பில் உண்மையாகவே குறைவாக இருக்கும் சத்தை ஈடுகட்டுவதும் சரிதான். 2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வில், வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தவர்களுக்கே அந்த மாத்திரை சளி, காய்ச்சல் வராமல் தடுப்பதில் அதிகம் உதவியது. குறை இல்லாதவர் மேலும் விழுங்கினால் அதே பலன் வரும் என்று இதற்குப் பொருளில்லை.

வைட்டமின் சி-யின் கதை இன்னும் தெளிவு. தினமும் எடுத்துவரும் பெரியவர்களுக்குச் சளியின் காலம் சுமார் 8 விழுக்காடு குறைகிறது. ஏழு நாள் சளியில் அது அரை நாள். சளி பிடித்த பிறகு தொடங்கினால் அந்த அரை நாளுக்கும் உறுதியில்லை. கோவிட் நோயாளிகள் 214 பேரிடம் அமெரிக்காவில் அதிக அளவு வைட்டமின் சி-யையும் துத்தநாகத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். பலன் தெரியாததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்; முடிவு 2021-இல் வெளியானது. துத்தநாகத்தை மாதக்கணக்கில் அளவுக்கு மீறி எடுத்தால் உடம்பில் செம்பு குறைந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறொன்று. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. கட்டுப்படாத இனிப்பு நீர் கோவிட்டை மோசமாக்கும் என்பதில் ஐயமில்லை. காலையில் கஷாயம் குடித்துவிட்டு, கெட்டிப் பால் ஊற்றிய தே தாரேயை நாளுக்கு மூன்று வேளை குடிக்கும் வீட்டில் அந்தக் கஷாயம் எப்படிக் காப்பாற்றும்? நோய் வந்தபின் தேடும் பொடியை விட, நோய் வருமுன் குறைக்கும் சர்க்கரைக்கே மதிப்பு அதிகம். இதைச் சொல்லி விற்க எந்தக் கடையிலும் புட்டி இல்லை.

தாமதம் இன்னொரு தீங்கு. பாக்ஸ்லோவிட் போன்ற கோவிட் மருந்தை அறிகுறி தெரிந்த ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். அந்த ஐந்து நாளும் கஷாயத்திலேயே கழிந்தால் வாய்ப்பும் கழிந்துவிடும்.

மரபு மருந்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையல்ல. ஐவர்மெக்டின் என்ற நவீன மருந்துக்கும் இங்கே பெரும் ஆரவாரம் இருந்தது. மலேசிய அரசு மருத்துவமனைகளில் 490 பேரிடம் சோதித்தார்கள். அதை எடுத்தவர்களில் 21.6 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 17.3 விழுக்காட்டினருக்கும் நோய் கடுமையானது. பலன் இல்லை என்பது 2022-இல் வெளியானது. கபசுரக் குடிநீருக்கும் இதே அளவு பெரிய, நேர்மையான சோதனையை நாம் கேட்க வேண்டும். அதுதான் சித்த மருத்துவத்துக்குச் செய்யும் மரியாதை.

ரசத்தை உணவாகவே குடியுங்கள். புட்டியில் வருவதை வாங்குமுன் மலேசிய மருந்துப் பதிவின் மால் (MAL) எண் இருக்கிறதா என்று பாருங்கள். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் காய்ச்சல் கண்டவுடன் கிளினிக்குக்குப் போய், வீட்டில் என்னென்ன குடிக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.