பாட்டன் வழிப் பாடம்: சூஜோவின் ஹுய் குடும்பம்

சீனச் செவ்வியல் நூல்களுக்கு உரை காண்பதில் 18ஆம் நூற்றாண்டில் ‘ஹான் கல்வி’ தலையெடுத்தது. அரசுத் தேர்வுகளில் அன்று சூ சியின் (1130–1200) உரைக்கே செல்வாக்கு. மூலநூல்களுக்குக் காலத்தால் நெருங்கிய ஹான் அரசமரபுக் கால ஆசிரியர்களின் சொல்லே பிரமாணம் என்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் சூஜோ நகரத்து ஹுய் தோங் (1697–1758).

அந்தக் கொள்கை அவருக்குக் குடும்பச் சொத்து. மாற்றங்களின் நூலான யீஜிங்குக்கு, தாங் காலத்து லி திங்ஸுவோ திரட்டிவைத்த பழைய குறிப்புகளைக் கொண்டு கொள்ளுப்பாட்டனார் ஓர் உரை எழுதினார். மிங் ஆட்சியின் கடைசிக் கலவரங்களில் ஏடு சிதறிப்போக, அதன் பொருளை மகனுக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்தார். அந்த மகன்தான் தோங்கின் பாட்டனார் ஹுய் ஜோவ்தி. 1691இல் ஜின்ஷி என்ற உயர்நிலை அரசுத் தேர்வில் தேறியவர். பாடம் அவரிடமிருந்து தந்தை ஷிசிக்கும், தந்தையிடமிருந்து தோங்குக்கும் வந்தது. யோங்ஜெங் பேரரசரின் கோபத்துக்கு ஆளான ஷிசி, ஜென்ஜியாங் நகர மதிலைச் சொந்தச் செலவில் பழுதுபார்க்க நேர்ந்து குடும்பம் நொடித்தது. பாடம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. மெங் சி, ஜிங் ஃபாங், ஜெங் சுவான் முதலிய ஹான் ஆசிரியர்களின் யீஜிங் கருத்துகளை ஆள்வாரியாகப் பிரித்துத் தோங் நூலாக்கினார். ‘ஒன்பது நூல்களின் பழம்பொருள்’ என்ற தொகுப்பும் இந்த நான்கு தலைமுறைப் பாடத்தின் விளைச்சலே.

சூஜோக்காரர்கள் ‘வூ பள்ளி’ எனப்பட்டார்கள். பழமையே அவர்களின் உரைகல். ஆன்ஹுய் பகுதியின் ‘வான் பள்ளி’க்கு அந்த உரைகல் போதவில்லை. அதன் தலைவர் தை ஜென் (1724–1777), ஆவணங்களின் நூலில் ‘ஒளி’ என்று ஹான் உரைகாரர்களே கொண்ட ஓர் எழுத்து, மூலத்தில் ‘குறுக்கே பரவுதல்’ என்று பொருள்படும் எழுத்தாகவே இருந்திருக்கும் என்று 1755இல் எழுதினார். அப்படிப் பாடம் கொண்ட பழைய சான்று எதுவும் அப்போது அவர் கையில் இல்லை. பின்னர் நண்பர் சியென் தாசின், பிந்தைய ஹான் வரலாற்றிலிருந்து அதே எழுத்தை எடுத்துக்காட்டினார்.

தை ஜென்னின் மாணவர் வாங் நியென்சுன். அவர் மகன் வாங் யின்ஜி (1766–1834), இன்றைய வழக்குக்கு மாறானது என்றாலே சரி தவறு பாராமல் ஹுய் தோங் ஏற்றுக்கொள்கிறார் என்று குறைகூறினார். குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. வாங் யின்ஜியும் தந்தையிடம் கேட்டதை நூலாக்கியவர்தான். ஆனால் கேட்டதோடு தன் ஆராய்ச்சியையும் சேர்த்து எழுதினார்.

இருந்தும் ஹுய் தோங்கைப் பழமைப் பித்தர் என்று ஒதுக்க முடியாது. ஹான் உரைகள் பல முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்கால நூல்களில் மேற்கோளாகச் சிதறிக் கிடந்தன. யார் சொன்னது எது என்று வகைப்படுத்திய பிறகுதான் அவற்றில் எது தேறும், எது தேறாது என்று பார்க்க வழி பிறந்தது. கேட்டதைக் கலப்பில்லாமல் ஒப்படைப்பது ஒரு வேலை, அதைச் சோதிப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை ஹுய் குடும்பம் நான்கு தலைமுறை செய்து முடித்தது.