பொருளின்றி இடமும் காலமும் உளவோ?

உலகிற் பொருளனைத்தும் நீங்கின் இடமும் காலமும் உடன் நீங்குமென்பதே ஐன்ஸ்டீன் கண்ட முடிபென இக்காலத்து எழுதுவார் பலர். 1921-ல் அமெரிக்கா சென்ற அவர் செய்தியாளர்க்கு அங்ஙனம் கூறினாரென வழங்குதலின், அஃது அவர் கூற்றன்றென யாம் மறுக்கின்றிலேம். அவர்தஞ் சமன்பாடுகள் அதனை நிறுவினவோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

1687-ல் வெளிவந்த 'பிரின்சிப்பியா' என்னும் நூலுள் நியூட்டன், இடமும் காலமும் பொருளை வேண்டாது தாமே நிற்பன என்றார். அதற்குத் துணையாக அவர் காட்டியது ஒரு நீர்வாளி. முறுக்கிய கயிற்றில் தொங்கும் வாளியை விட, முதற்கண் வாளி மட்டுமே சுழலும். நீரின் மேற்பரப்புத் தட்டையாகவே நிற்கும். பின்னர் நீரும் வாளியோடொப்பச் சுழன்று நடுவே குழியும். வாளியை நோக்க நீர் அசையாதபொழுதே குழிதலின், அச்சுழற்சி வெளியை நோக்கியதென்பது அவர் கருத்து. கிணற்றங்கரைக் கருவிகொண்டு இத்துணை நுண்பொருள் காட்டினார்! மாக் என்பார் 1883-ல் இதனை மறுத்து, விண்மீன்கள் உளவாகலின் அவற்றை நோக்கிய சுழற்சியென்றலே அமையும் என்றார்.

மாக் காட்டிய நெறியால் ஊக்கமுற்ற ஐன்ஸ்டீன் 1915-ல் தம் கொள்கையை முடித்தார். அதன்கண் இடமும் காலமும் ஒன்றாய்ப் பிணைந்து வெளிகாலமாம். பொருள் அதனை வளைக்கும். அவ்வளைவு பொருளை நடத்தும். வளைத்தல் வேறு, பிறப்பித்தல் வேறு. மண்ணைக் குடமாக வனைந்த குயவன் மண்ணைத் தந்தவனாகான். நிமித்தத்தை முதற்காரணமெனக் கோடல் ஈண்டு நிகழ்ந்த பிழை. 1917-ல் ஐன்ஸ்டீன் புதியதோர் உறுப்புச் சேர்த்தமைத்த சமன்பாடுகட்கே, பொருளற்ற உலகமொன்றை விடையாகக் காட்டினார் டி சிட்டர் என்னும் டச்சு வானநூலார். ஐன்ஸ்டீன் வாதிட்டும் அவ்விடை வீழவில்லை.

அற்றேல், மாக் கூற்று முழுதும் பொய்யோவெனின், அன்று. 2004-ல் ஏவப்பட்ட 'கிராவிட்டி புரோப் பி' விண்கலத்தின் சுழல்கருவிகள், சுழலும் புவி தன்னைச் சூழ்ந்த வெளிகாலத்தைச் சிறிது உடனீர்த்தலை அளந்தன. பாகையின் 3,600-ல் ஒன்றாகிய விகலையை ஆயிரங் கூறாக்கின் ஆண்டிற்கு ஏறத்தாழ 37 கூறென 2011-ல் வெளியிட்டனர். கொள்கை கூறியது 39. அளவையின் ஐயப்பாடு 7 கூறாகலின் இரண்டும் முரணா. இதனாற் பெறப்படுவதும் பொருள் வெளிகாலத்தைத் தாக்குமென்பதே, தோற்றுவிக்குமென்பதன்று.

மாக்கின் கோட்பாடென ஒன்றைப் பேசுதலே இனி வேண்டாவென ஐன்ஸ்டீன் 1954-ல் கடிதமொன்றில் எழுதினார். 1921-ஆம் ஆண்டுக் கூற்றை எடுத்தாள்வோர் இக்கடிதத்தை விடுத்தல் என்னையோ?