குடும்ப மரமும் தாய்வழிக் குடியும்: காத்தான்குடி வமிசாவளிகளின் ஆதாரம் பற்றிய ஒரு நோக்கு

வமிசாவளி கூறுதல் தமிழிலே புதிய வழக்கன்று. அரசர்தம் மெய்க்கீர்த்திகளிலும் பள்ளு, குறவஞ்சி முதலிய சிற்றிலக்கியங்களில் வரும் பாட்டுடைத் தலைவரின் மரபு கூறும் பகுதிகளிலும் இதன் பழைய வடிவங்களைக் காண்கிறோம். அவ்வடிவங்களில் மூதாதையரின் பெருமை, பாடுவித்தவனின் செல்வத்துக்கு ஏற்ப நீண்டது. இன்றோ கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் இணையத்திலே தமது குடும்ப மரத்தை வரைந்து பிறரோடு பகிர்ந்துகொள்ளலாம். புலவரும் புரவலரும் இல்லாமலே சாதாரண மக்கள் தம் முன்னோரை எழுதத் தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்க ஒரு மாற்றமே. எனினும், எழுதும் உரிமை பரவலாகிய அளவுக்கு, எழுதியதற்கு ஆதாரம் காட்டும் கடமை பரவலாகவில்லை. இக்கட்டுரையில் நாம் காத்தான்குடியை முன்னிறுத்தி, இக்குடும்ப மரங்களை ஒருவகைப் பனுவலாகக் கொண்டு, அவை எவற்றைச் சொல்கின்றன, எவற்றை மறைக்கின்றன, எதன் பேரிற் சொல்கின்றன என்பனவற்றை நோக்க முற்படுகிறோம்.

1

பகிரப்படும் மரங்களின் பொதுவான அமைப்பு ஒன்றுண்டு. உச்சியில் அரபு நாட்டிலிருந்து வந்த ஒருவர்; அவருக்குக் கீழே பத்து அல்லது பன்னிரண்டு ஆண் பெயர்கள்; மனைவியர் இருக்கவேண்டிய இடங்களிற் பெரும்பாலும் வெற்றிடம்; அடியிலே இன்றைய தலைமுறை. ஆதாரத்துக்கென உள்ள கட்டத்திலே ஒன்றும் இராது. இருப்பின், இன்னொருவர் வரைந்த மரமே அங்கு ஆதாரமாகச் சுட்டப்பட்டிருக்கும்.

இத்தகைய மரத்தின் மீது எளிய கணக்கொன்றை நிகழ்த்திப் பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முப்பது ஆண்டு எனக் கொண்டால், பன்னிரண்டு தலைமுறைகள் முந்நூற்றறுபது ஆண்டுகளையே நிரப்பும். அதாவது, பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அண்மையிலே மரம் நின்றுவிடும். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்ததாகச் சொல்லப்படும் மூதாதையரைச் சென்றடைய ஏறத்தாழ நாற்பத்துமூன்று தலைமுறைகள் வேண்டும். இடையிலே முப்பதுக்கு மேற்பட்டோர் காணாமற் போயிருக்கின்றனர். ஆயினும் மரத்திலே கோடு மட்டும் அறாமற் செல்கிறது!

பெயர்களாலும் சிக்கல் எழுகிறது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக நிற்கும். மீராலெவ்வை, அகமதுலெவ்வை, உதுமாலெவ்வை, ஆதம்பாவா என்னும் பெயர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வொரு தெருவிலும் மீள மீள வருவன. மேலும், ஒரே மீராலெவ்வை ஆங்கில எழுத்திலே பலவாறு எழுதப்படுகிறார். இணையத் தளமொன்று பெயரொப்புமையைக் கண்டு "இவர் உங்கள் பாட்டனாராக இருக்கலாம்" எனக் காட்ட, பயனர் அதனை ஏற்றுக்கொள்ள, இரு வேறு மனிதர் ஒருவராகிவிடுகின்றனர். பமிலிசேர்ச் போன்ற தளங்களில் இறந்தோர் பற்றிய மரம் எல்லாருக்கும் பொதுவானது. பதிவு செய்த எவரும் அதனைத் திருத்தலாம். விக்கிட்ரீ தன் உறுப்பினரிடம் ஆதாரம் காட்டுமாறு கேட்கிறது. ஆயினும் விதி இருப்பதால் மாத்திரம் வழக்கம் உருவாகிவிடாது. ஒரு மரத்திலிருந்து பத்து மரங்கள் படியெடுக்கப்பட்டால் சாட்சிகள் பத்தாகா; சாட்சி அப்போதும் ஒன்றே. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் எவரும் அறிந்த இவ்வுண்மை, குடும்ப மரங்களைப் பொறுத்தவரை மறக்கப்பட்டுவிடுகிறது.

2

மூதாதையர் பற்றிய இக்கூற்றின் மூலம் யாது? 1827இல் அரச ஆசியக் கழகத்தின் வெளியீட்டிலே சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்ரன் எழுதிய குறிப்பொன்று இவ்விடத்து முக்கியமானது. கலீபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குலத்தார், எட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கைக் கரையோரத்தில் எட்டிடங்களிற் குடியேறினர் என்று அவர் எழுதினார். அவ்விடங்கள் திருகோணமலை, யாழ்ப்பாணம், மாந்தையும் மன்னாரும், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி என்பன. இங்கு இரு செய்திகள் கவனத்துக்குரியன. ஒன்று, ஜோன்ஸ்ரன் இதனைச் சோனகரிடையே வழங்கிய ஐதிகமாகவே தருகிறார். மற்றது, அந்தப் பட்டியலிலே மட்டக்களப்பு இல்லை. காத்தான்குடி மரமொன்று இவ்வைதிகத்தைத் தன் உச்சியில் வைக்கும்போது, மூலம் சொல்லாத ஒன்றை மூலத்தின் பேரிற் சொல்கிறது.

இவ்வைதிகம் எப்போது வரலாற்று உண்மையின் தோற்றத்தைப் பெற்றது என்பதும் ஆராயத்தக்கது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டுக் கட்டுரை படித்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து நூலெழுதினார். இவ்விரு எழுத்துக்களுக்கும் நடுவே, 1889இல், சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்கெனத் தனி நியமன உறுப்பினர் ஒருவர் இடம்பெற்றார். இனவழிப் பிரதிநிதித்துவம் என்னும் குடியேற்றவாத ஏற்பாட்டிலே, தாம் வேறோர் இனம் என நிறுவுவது ஓர் ஆசனத்தை நிறுவுவதாகும். அதனை மறுப்பது அவ்வாசனத்தை மறுப்பதாகும். ஆகவே இவ்விவாதத்தை வெறும் அறிவுத்துறை விவாதமாகக் கொள்ளுதல் தவறு. கொழும்பின் மேல்தட்டினர் இருபாலாரும் தத்தம் அரசியற் பங்கின் பொருட்டு நடத்திய வழக்கு அது. அவ்வழக்கில் மட்டக்களப்பின் உழவனும் சிறுவணிகனும் சாட்சிகளாகக்கூட அழைக்கப்படவில்லை. இன்று காத்தான்குடியில் வரையப்படும் மரம், அறிந்தோ அறியாமலோ, அவ்வழக்கின் வாதத்தையே தன் குடும்பக் கதையாக ஏற்றுக்கொள்கிறது.

மட்டக்களப்புக்கென உள்ள மரபுகள் வேறு. போர்த்துக்கேயரின் அடக்குமுறைக்குள்ளான முஸ்லிம்களை 1626இல் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்பது ஒன்று. முக்குவர் திமிலரோடு பொருதபோது பட்டாணியர் முக்குவருக்குத் துணைநின்றனர். அதற்குக் கைம்மாறாக முக்குவக் குடிப் பெண்களை மணந்து இங்கு நிலைகொண்டனர் என்பது மற்றொன்று. சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை, சந்திவெளி முதலிய ஊர்ப்பெயர்கள் இப்போரோடு தொடர்புறுத்தப்படுவதுண்டு. ஆனால் ஊர்ப்பெயருக்குப் பின்னர் கற்பிக்கப்படும் விளக்கம் சான்றாகாது. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 2005இல் சா. இ. கமலநாதனும் கமலா கமலநாதனும் பதிப்பித்த மட்டக்களப்பு பூர்வ சரித்திரமும் இம்மரபுகளை ஆராய்வோர்க்கு இன்றியமையாதன. எனினும் இவையும் பல காலத்து அடுக்குகள் கலந்த ஏட்டு மரபுகளே. இன்ன குடிக்கு இன்ன உரிமை உண்டு எனக் கூறுவதே இத்தகைய ஏடுகளின் தொழில். உரிமை கோரும் ஆவணத்தை உரிமை கோரும் ஆவணமாகவே படித்தல் வேண்டும்.

3

இனி, மரம் மறைப்பதைப் பார்ப்போம். கிழக்கிலங்கைத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடி என்பது தாய்வழி வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணமுறவு கொள்வதில்லை. ஒரே தாய்வழியிற் கிளைத்தோரை வயிற்றுவார் என்னும் சொல் குறிக்கிறது. பல முஸ்லிம் ஊர்களிலே பள்ளிவாசல் நிருவாகத்துக்கு மரைக்காயர் குடிவாரியாகத் தெரிவு செய்யப்பட்டனர். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் கள ஆய்வு நடத்திய டெனிஸ் மக்கில்வ்ரே இவற்றை விரிவாக எழுதியுள்ளார்.

இவ்வமைப்பின் பொருளியல் அடித்தளம் வீடு. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதப்படும்; மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலே நெருங்கி வாழும் காத்தான்குடியில் ஒரு வளவு மகள்மாருக்கெனப் பங்கிடப்பட்டு மேலும் மேலும் சிறுத்துப்போவதை எவரும் காணலாம். தந்தைவழி மரத்தை வரைபவர் இருந்து வரைகின்ற வீடே தாய்வழி வந்ததாயிருக்கும். ஆயின், அவ்வீட்டைத் தந்த பெண்ணின் பெயர் மரத்திலே இராது. இது தற்செயலான பிழையன்று. உற்பத்தியையும் உடைமையையும் தாங்கி நின்ற உறவை மறைத்து, மதிப்பைத் தரும் உறவை மட்டும் காட்டுகின்ற கருத்தியலின் செயற்பாடு.

ஆவணங்கள் இல்லையா எனில், உண்டு. சீதன உறுதிகள் நொத்தாரிசுவால் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்திலே பதியப்படுபவை. அவற்றிலே, கொடுப்பவருக்கு அக்காணி எவ்வாறு உரித்தாயிற்று என்னும் வாசகம் இருக்கும்: தாயின் சீதன உறுதியால், தாய்க்கு அவர் தாயின் உறுதியால் என. ஒரு வீட்டின் பழைய உறுதிகளை அடுக்கினாலே மூன்று நான்கு தலைமுறைப் பெண்களைப் பெயரோடும் ஆண்டோடும் நிறுவிவிடலாம். இதற்கு மாறாக, விவாகப் பதிவேடு பெண்ணைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது; 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது பதிவேட்டிலே மணமகளின் கையொப்பம் வேண்டப்படவில்லை; அவள் சார்பில் வலியே ஒப்பமிட்டார். அதே சட்டம் மணமகன் பெற்ற கைக்கூலியை மீட்கும் வழியை ஏற்படுத்தியது. ஆக, பெண்ணின் கை பதிவேட்டில் இல்லை. பெண் கொண்டுவந்த பொருள் சட்டத்தில் உண்டு. வமிசாவளி எழுதுவோர் எந்த ஆவணம் எதைப் பதிவு செய்ய எழுந்தது என்று அறியாவிடின், அதன் மௌனத்தை உண்மை எனக் கொண்டுவிடுவர்.

உறுதியை ஆதாரமாகக் கொள்ளும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். உறுதி உள்ளவர் உடைமை உள்ளவர். பிறர் வயலிற் கூலிக்கு நின்றவருக்கும், அரச காணியில் அனுமதிப் பத்திரம்கூட இன்றி இருந்தவருக்கும் உறுதி இராது. அவர்தம் முன்னோர் முதிய பெண்களின் நினைவிலேயே உளர். அந்நினைவும் ஆதாரமே, ஆனால் சொன்னவர் யார், எப்போது சொன்னார், அவர் நேரிற் கண்டதா கேட்டதா என்பன குறிக்கப்படும்போதே அது ஆதாரமாகும். மோர்கன் 1871இல் வெளியிட்ட உறவுமுறை அட்டவணைகளிலே, தமிழ் உட்பட, ஒவ்வொரு தொகுதியையும் தந்தவர் பெயரைக் காட்டினார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் தபாலில் வினாக்கொத்து அனுப்பித் திரட்டியவர் செய்ததை, கணினி வைத்திருக்கும் நாம் செய்ய முடியாதா?

4

எம்மவரை நோக்கியும் சில சொல்ல வேண்டியுள்ளது. மோர்கனைத் தழுவி ஏங்கெல்ஸ் 1884இல் எழுதிய நூலை முற்போக்கு எழுத்தாளர் பலர் மட்டக்களப்புக்கு அப்படியே பொருத்தி, தாய்வழிக் குடியை ஆதிப் பொதுவுடைமையின் எச்சமாகக் காட்டினர். உண்மையில் இது நிலவுடைமையோடும் கோயில், பள்ளிவாசல் உரிமையோடும் இணைந்து இயங்கிய அமைப்பு. வீடு பெண்ணின் பேரிலிருக்க, மரைக்காயர் ஆணாகவே இருந்தார். அவ்வாறே, பட்டாணியர் கதையைத் தமிழ் முஸ்லிம் ஒற்றுமைக்குச் சான்றாக ஆதாரம் காட்டாமல் நாமும் எடுத்தாண்டுள்ளோம். பிறருடைய மரத்தில் வெற்றிடத்தைச் சுட்டும் நாம் எமது கட்டுரைகளின் வெற்றிடத்தையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

1990 ஆகஸ்ட் 3ஆம் நாளிரவு காத்தான்குடியின் இரு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அதன்பின் அவ்வூரார் ஒருவர், தமிழ்க் குடியோடு தம் குடிக்குள்ள உறவைச் சொல்லும் கதையை விட்டு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த மூதாதையரைத் தேடினால், அந்த மனநிலையை விளங்கிக்கொள்ளாத ஆய்வு மனிதாபிமானமற்றது. ஆயினும் துயரம் ஆதாரத்தின் இடத்தை நிரப்ப இயலாது. ஒற்றுமை வேட்கையும் அவ்வாறே. "நீங்கள் தமிழரே" எனப் புறத்தேயிருந்து கட்டளையிடும் வமிசாவளியும், அயற் குடிகளோடு பிணைந்த தாய்வழியை அழித்தெழுதும் வமிசாவளியும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

எனவே நாம் வேண்டுவது பெரிதன்று. மரத்தின் ஒவ்வோர் இணைப்புக்கும் உறுதியா, பதிவேடா, வாய்மொழியா என ஆதாரம் குறிக்கப்படட்டும். தெரியாத இடம் தெரியாததென்றே விடப்படட்டும். தந்தையின் பெயர் எழுதப்படும் கட்டத்துக்கு அருகே தாயின் பெயரும் குடியும் எழுதப்படட்டும். அவ்வாறு வரையப்படும் மரம் நாற்பத்துமூன்று தலைமுறைக்குச் செல்லாது. நான்கு தலைமுறையோடு நின்றுவிடலாம். ஆனால் அந்நால்வரும் உண்மையில் வாழ்ந்தவராயிருப்பர். அவர்களுள் ஒருத்தி கட்டிக் கொடுத்த வீட்டிலேதான் நாம் இருந்து எழுதுகிறோம் என்பதும் அப்போது தெரியவரும்.