பெயர்களை எண்ணும் கலை

கல்வெட்டுகளில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணி அட்டவணையிடுவது சலிப்பூட்டும் வேலை. அந்தச் சலிப்பைத் தாண்டியவர்களின் உழைப்பை நான் ஒரு நல்ல சிற்பத்தைப் போல ரசிக்கிறேன். நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு அத்தகைய உழைப்பு. 'மூவேந்தவேளான்' என்ற பட்டத்தையே பாருங்கள். ஒரு கல்வெட்டில் அது வெறும் சிறப்புப் பெயர். நூற்றுக்கணக்கானவற்றைக் காலவரிசையில் அடுக்கினால், அப்பட்டம் முதலாம் ராஜராஜன் காலந்தொட்டுப் பெருகுவதும் 1070க்குப் பிறகு தேய்வதும் தெரிகின்றன. அரசனின் பெயரை முன்னொட்டாகத் தாங்கிய பட்டம் அது. நிலவுடைமையாளர்களை அரசு தன் நிர்வாகத்துக்குள் இழுத்துக்கொண்ட கதை அந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. அரசனின் புகழ் பாடும் எந்த மெய்க்கீர்த்தியும் இதைச் சொல்லவில்லை.

கல்வெட்டுகள் பெரும்பாலும் கோயில் சுவர்களில் உள்ளவை, கொடை கொடுக்க வசதியற்றவர்கள் அவற்றில் அரிதாகவே வருகிறார்கள், அழிந்தவை எத்தனையோ. பிறகு எண்ணிக்கையை எப்படி நம்புவது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றிரண்டு கல்வெட்டுகளை மேற்கோள் காட்டி எழுதும் வரலாற்றுக்கும் இதே குறை உண்டு, அங்கே அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எண்ணுபவர் மொத்தத்தை நம்புவதில்லை. 850 முதல் 1279 வரையிலான சோழர் காலத்தை நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் கிடைத்த கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு விகிதம் பார்க்கிறார். ஒரு பட்டம் ஓர் ஊரில் மட்டும் குவிந்திருந்தால், அதையும் அட்டவணையே காட்டிக்கொடுத்துவிடும்.